காசு போடும் துளை: இலவச விளையாட்டின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

1

வீடியோ விளையாட்டுகளின் வரலாறு பெரும்பாலும் இரண்டு விதமாக எழுதப்படுகிறது. ஒன்று பொறியாளர்கள் எழுதுவது. திரையில் ஒரு வெள்ளைப் புள்ளி துள்ளியதில் தொடங்கி, நிஜத்தையும் பிம்பத்தையும் பிரித்தறிய முடியாத இன்றைய காட்சிகள் வரை ஒரே ஏறுமுகமாகச் சொல்லப்படும் முன்னேற்றக் கதையாடல். மற்றது ஒழுக்கவாதிகள் எழுதுவது. பிள்ளைகள் கெட்டுப்போன கதை. நாவல் வந்தபோதும் சினிமா வந்தபோதும் கேட்ட அதே புலம்பல்தான். பொருள் மட்டும் மாறியிருக்கிறது. இந்த இரண்டு வரலாறுகளுமே சாதாரணமான ஒரு கேள்வியைக் கேட்பதில்லை. விளையாடியவர் யாருக்கு, எந்த வழியாக, எதைக் கொடுத்தார்?

இந்தக் கேள்வியைத் தொடங்க வசதியான இடம் காசு போடும் துளை. ரயில் நிலையத்தில் வண்ண விளக்குகள் சுழல நின்ற எடை இயந்திரத்தையும், பெட்டிக்கடை வாசலில் தொங்கிய ஒரு ரூபாய் போன் பெட்டியையும் பார்த்தவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. காசு போட்டாத்தான் ஓடும். போடாவிட்டால் சும்மா நிற்கும். கொடுக்கல் வாங்கல் அவ்வளவு பட்டவர்த்தனமானது. வீடியோ விளையாட்டும் இப்படியொரு துளையோடுதான் சந்தைக்கு வந்தது. இன்று அந்தத் துளையைக் காணோம். கைபேசியில் விளையாட்டு 'இலவசம்' என்கிறார்கள். துளை எங்கே போயிற்று என்று தேடுவதே இக்கட்டுரையின் வேலை. அது விளையாடுபவரின் கண்ணுக்கும் நேரத்துக்கும் இடம்மாறிவிட்டது என்பது என் கட்சி. 'இலவசம்' என்ற சொல்லை வைத்துப் பெரிய அரசியல் சண்டையே நடந்திருக்கிற தமிழ்நாட்டில் இந்தத் தேடலுக்கு ஓர் அவசரமும் இருக்கிறது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

2

முதலில் காசே இல்லை. 1958இல் அமெரிக்காவின் புரூக்ஹேவன் தேசிய ஆய்வகத்துக்கு வரும் பார்வையாளர்கள் சலித்துப்போகாமலிருக்க, வில்லியம் ஹிகின்பாதம் என்ற இயற்பியலாளர் அலைகாட்டித் திரையொன்றில் டென்னிஸ் விளையாட்டை அமைத்தார். லாஸ் அலமோஸில் அணுகுண்டுத் திட்டத்தில் வேலை பார்த்தவர். பிறகு அணு ஆயுதப் பரவலுக்கு எதிராக இயங்கியவர். ஏவுகணையின் பாதையைக் கணக்கிட உதவும் கணிப்பொறிதான் அங்கே பந்தின் பாதையைக் கணக்கிட்டது. 1962இல் எம்.ஐ.டி.யில் ஸ்டீவ் ரஸ்ஸலும் நண்பர்களும் பிடிபி-1 என்ற கணிப்பொறிக்காக 'ஸ்பேஸ்வார்' எழுதினார்கள். அந்தப் பொறியின் விலை சுமார் 1,20,000 டாலர். இரவெல்லாம் அதில் விளையாடிய மாணவர்கள் ஒரு காசும் கொடுக்கவில்லை. இலவசம் என்பது வேறொருவர் கணக்கில் எழுதப்படும் செலவு. இங்கே அது பனிப்போர்க் கால ஆய்வகங்களின், பல்கலைக்கழகங்களின் கணக்கு.

நோலன் புஷ்னெல் மாணவராக இருந்தபோது யூட்டா மாநிலத்துப் பொழுதுபோக்குப் பூங்கா ஒன்றில் வேலை பார்த்தவர். பந்தை எறிந்து பொம்மையை ஜெயிக்கும் கடைகளின் பொருளாதாரம் அவருக்குத் தெரியும். கணிப்பொறி விளையாட்டுக்கு ஒரு காசுத் துளை வைக்கலாம் என்று அவருக்குத் தோன்றியதில் வியப்பில்லை. 1971இல் டெட் டாப்னியோடு சேர்ந்து அவர் உருவாக்கிய 'கம்ப்யூட்டர் ஸ்பேஸ்' பெரிதாக ஓடவில்லை. 1972இல் இருவரும் அடாரி நிறுவனத்தைத் தொடங்கினார்கள். ஆலன் அல்கார்ன் வடிவமைத்த 'பாங்' கலிஃபோர்னியாவின் சன்னிவேல் நகரத்து மதுக்கடை ஒன்றில் சோதனைக்கு வைக்கப்பட்டது. கொஞ்ச நாளில் இயந்திரம் ரிப்பேர் என்று தகவல் வந்தது. போய்த் திறந்து பார்த்தால், கால் டாலர் நாணயங்கள் நிரம்பி வழிந்து துளை அடைத்துக் கிடந்தது.

தொழில்துறை இந்தக் கதையைப் பெருமையோடு திரும்பத் திரும்பச் சொல்லும். எனக்கு அதில் முக்கியமாகப் படுவது வேறு. எவ்வளவு காசு போயிற்று என்பது அங்கே கையால் எண்ணக்கூடியதாக இருந்தது. போட்டவருக்கும் தெரியும், கடைக்காரருக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். தெரிந்ததால்தான் ஊர் அதைப் பற்றிச் சண்டை போட்டது. நியூயார்க் மேயர் லாகார்டியா 1942இல் பின்பால் இயந்திரங்களைச் சூதாட்டம் என்று தடைசெய்து, சம்மட்டியால் உடைத்துப் புகைப்படத்துக்கும் நின்றார். தடை 1976 வரை நீடித்தது. பிலிப்பைன்ஸில் மார்கோஸ் 1981இல் வீடியோ விளையாட்டுகளையே தடைசெய்தார். சர்வாதிகாரியின் ஒழுக்கப் பற்று எத்தகையது என்று நமக்குத் தெரியும். தடைகளுக்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை. துளை கண்ணுக்குத் தெரிந்தவரை அது பொது விவாதத்தின் பொருளாக இருந்தது என்பதை மட்டும் குறித்துக்கொள்வோம்.

அந்தத் துளைக்கேற்பவே விளையாட்டின் வடிவமும் அமைந்தது. 1978இல் டைட்டோ நிறுவனத்துக்காக டோமோஹிரோ நிஷிகாடோ உருவாக்கிய 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' விளையாட்டுக்கு முடிவே கிடையாது. எதிரிகள் குறையக் குறைய மிச்சமிருப்பவர்கள் வேகமாக இறங்குவார்கள். எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் கடைசியில் தோற்றாக வேண்டும். தோற்றால்தான் அடுத்த காசு விழும். பின்னாளில் வந்த இயந்திரங்கள் தோற்றவரிடம் 'தொடர்வதா?' என்று கேட்டுப் பத்திலிருந்து கீழ்நோக்கி எண்ணத் தொடங்கின. பூஜ்யம் வருவதற்குள் பையில் கைவிட்டுக் காசு எடுக்க வேண்டும். இந்த எண்ணிக்கையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வேறு வேஷத்தில் திரும்ப வரும்.

3

வீட்டுக்குள் காசுத் துளையைக் கொண்டுபோக முடியாது. எனவே காசு கடையிலேயே மொத்தமாக வாங்கப்பட்டது. நாஜிகளிடமிருந்து 1938இல் குடும்பத்தோடு தப்பி அமெரிக்கா வந்த ரால்ஃப் பேர் என்ற யூதர், தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைக்கும் விளையாட்டுக் கருவியொன்றை உருவாக்கினார். அது 1972இல் 'மேக்னவாக்ஸ் ஒடிசி' என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. திரையில் சில புள்ளிகளையும் ஒரு கோட்டையும் காட்டுவது தவிர அதற்கு வேறொன்றும் தெரியாது. மைதானம் வேண்டுமென்றால் வண்ண பிளாஸ்டிக் தாளைத் திரைமேல் ஒட்டிக்கொள்ள வேண்டும். 1977இல் அடாரியின் வீட்டுக் கருவி வந்தது. அதன் மேலேயும் ஒரு துளை இருந்தது. காசுக்குப் பதில் கேட்ரிட்ஜ் செருகினார்கள். கருவி ஒரு முறை விற்கும், கேட்ரிட்ஜ் ஆயிரம் முறை விற்கும் என்பது கணக்கு.

இந்தக் கட்டத்தில் உழைப்பின் கேள்வியும் எழுந்தது. 1976இல் அடாரியை 2.8 கோடி டாலருக்கு வாங்கிய வார்னர் நிறுவனம், விளையாட்டை எழுதியவர்களின் பெயரைக் கேட்ரிட்ஜில் போட மறுத்தது. வாரன் ராபினெட் என்பவர் 'அட்வென்ச்சர்' விளையாட்டுக்குள் யாருக்கும் தெரியாமல் ஒரு ரகசிய அறை கட்டி அதில் தன் பெயரை எழுதிவைத்தார். வேறு நான்கு பேர் வெளியேறி 1979இல் ஆக்டிவிஷன் நிறுவனம் தொடங்கக் காரணமாக இருந்தவை பெயரும் பங்கும்தான்.

இனி நம் விஷயத்துக்குத் திருப்புமுனையான ஆண்டு. 1983. ஆளாளுக்குக் கேட்ரிட்ஜ் தயாரித்துச் சந்தை வீங்கிக் கிடந்தது. ஐந்தே வாரத்தில் எழுதப்பட்ட 'ஈ.டி.' விளையாட்டு லட்சக்கணக்கில் திரும்பி வந்தது. விற்காத சரக்கை அடாரி அந்த ஆண்டு செப்டம்பரில் நியூ மெக்ஸிகோவின் அலமகோர்டோ ஊர்க் குப்பைமேட்டில் லாரி லாரியாகக் கொண்டுபோய்ப் புதைத்தது. 2014 ஏப்ரலில் தோண்டிப் பார்த்து உறுதி செய்தார்கள். இந்தச் சவ அடக்கம் எல்லோருக்கும் தெரியும். அதே சமயம் நடந்த சிறிய சம்பவங்கள் சிலவற்றைத்தான் வரலாறு வேடிக்கைத் துணுக்காக ஒதுக்கிவிட்டது.

நாய்த்தீவனம் விற்ற ரால்ஸ்டன் ப்யூரினா, தன் தயாரிப்பை வாங்கியதற்குச் சான்று அனுப்புகிறவர்களுக்குத் தபாலில் ஒரு விளையாட்டு அனுப்பியது. விளையாட்டில் ஒரு நாய் தீவன வண்டியைத் துரத்தும். கூல்-எய்ட் பானப்பொடிக்கும் இப்படியொரு விளையாட்டு வந்தது. பல் பராமரிப்புப் பொருட்கள் விற்ற ஜான்சன் அண்ட் ஜான்சனுக்குப் பல்லைக் காக்கும் விளையாட்டு. கோகோ கோலா கேட்டுக்கொண்டதால் அடாரி 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' விளையாட்டை மாற்றி எழுதியது. இறங்கிவந்த எதிரிகளின் இடத்தில் போட்டி நிறுவனமான பெப்சியின் எழுத்துகள். 125 பிரதிகள் மட்டும் செய்து விற்பனை ஊழியர் கூட்டத்தில் கொடுத்தார்கள். அதில் சாகவே முடியாது. மூன்று நிமிடம் ஆனதும் எப்படி விளையாடியிருந்தாலும் 'கோக் வென்றது' என்று திரை சொல்லும்.

விளையாட்டுக்கான பணத்தை விளையாடுபவர் நேரடியாகக் கொடுக்காமல் மூன்றாவது ஆள் கொடுத்தது இங்கேதான் வெளிப்படையாகத் தொடங்குகிறது. மூன்றாவது ஆள் பணம் கொடுத்த உடனே விளையாட்டின் உள்ளடக்கமும் அவருக்குச் சொந்தமாகிவிடுகிறது என்பதையும் அந்த மூன்று நிமிடம் காட்டிவிட்டது. ஆனாலும் அன்று அது பெரும்போக்காக மாறவில்லை. தபாலில் கேட்ரிட்ஜ் அனுப்புவது செலவு பிடித்த வேலை. அதைவிட முக்கியம், யார் விளையாடினார், எத்தனை நேரம் விளையாடினார், பிறகு தீவனம் வாங்கினாரா என்று நிறுவனத்துக்குத் தெரிய வழியில்லை.

1985இல் அமெரிக்கா வந்த நிண்டெண்டோ, தன் அனுமதியில்லாத கேட்ரிட்ஜ் ஓடாதபடி கருவிக்குள் ஒரு பூட்டுச் சில்லை வைத்துச் சந்தையை மீண்டும் கட்டியது. 1990களில் நம் ஊர்க் கடைகளுக்கு வந்து சேர்ந்தவை, அந்தப் பூட்டு இல்லாத ஜப்பானிய மாடலின் நகல்கள். அட்டையில் நூற்றுக்கணக்கான விளையாட்டு என்று போட்டிருக்கும். உள்ளே இருபது முப்பதுதான் பெயர் மாறி மாறி வரும். ஏமாற்றுதான். ஆனால் ஒரு தடவை கொடுத்த காசோடு அந்த ஏமாற்று முடிந்துபோயிற்று.

4

1977இல் கனடாவில் வாழ்ந்த டல்லஸ் ஸ்மைத் என்ற அரசியல் பொருளாதார அறிஞர், மேற்கத்திய மார்க்சியத்தின் குருட்டுப்புள்ளி பற்றி ஒரு கட்டுரை எழுதினார். தொலைக்காட்சி எதை விற்கிறது என்பது அவர் கேள்வி. நாமெல்லாம் கருத்தியலை, நிகழ்ச்சியை, பிம்பத்தைப் பேசிக்கொண்டிருக்க, அவர் எளிமையாகச் சொன்னார்: விற்கப்படும் பண்டம் பார்வையாளர்தான், வாங்குபவர் விளம்பரதாரர், நிகழ்ச்சி என்பது ஆளைக் கூட்டிவர வைக்கும் தீனி. 1973இலேயே சிற்பி ரிச்சர்ட் செர்ரா, கார்லோட்டா ஃபே ஸ்கூல்மனோடு சேர்ந்து ஏறக்குறைய இதே வாதத்தை ஒரு காணொளிப் படைப்பாகச் செய்திருந்தார். பண்பாட்டு விமர்சனத்தில் பிரதியையே கட்டுடைத்துக்கொண்டிருக்கும் நம்மவர்கள் ஸ்மைத்தை இன்னும் கூடுதலாகப் படிக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். பிரதிக்கு வெளியே பில் போடுகிற இடம் ஒன்று இருக்கிறது.

தொலைக்காட்சிக்கும் ஒரு ஊனம் இருந்தது. பெட்டிக்கு முன்னால் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று அதற்குத் தெரியாது. பார்வையாளரைக் கூட்டமாகத்தான் விற்க முடியும். அந்த ஊனத்தை நீக்கியது இணையம். 1994இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் லூ மாண்டுலி 'குக்கி' என்ற சிறு குறிப்பை உருவாக்கினார். வந்தவர் முன்பு வந்தவரா என்று இணையதளம் நினைவில் வைத்துக்கொள்ள அது வழி செய்தது. அதே ஆண்டு அக்டோபர் 27 அன்று 'ஹாட்வயர்டு' தளத்தில் முதல் பட்டை விளம்பரங்கள் தோன்றின. அவற்றிலொன்று தொலைபேசி நிறுவனமான ஏடி அண்ட் டி கொடுத்தது. இரண்டும் தனித்தனி நோக்கத்தோடு பிறந்தவை. சேர்ந்தபிறகு, விளம்பரம் தன்னைப் பார்த்தவரைத் தொடர்ந்துபோகக் கற்றுக்கொண்டது. 1990களில் குதித்து எழும் விளம்பரச் சாளரத்துக்கான நிரலை எழுதியவர்களில் ஒருவரான ஈதன் ஸக்கர்மன், 2014இல் அதற்காகப் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். விளம்பரத்தையே இணையத்தின் அடிப்படை வருமானமாகக் கொண்டதுதான் மூலக் கோளாறு என்றார். 2000இல் கூகுள் தேடல் சொற்களுக்கு விளம்பரம் விற்கத் தொடங்கியது. பின்னர் ஒவ்வொரு பார்வையும் தனித்தனியாக, பக்கம் திறக்கும் அந்த நொடிக்குள்ளேயே ஏலம் போகும் நிலை வந்தது. சந்தைக்கு ஓட்டிவரப்படும் மாட்டுக்காவது பல்லைப் பிடித்துப் பார்க்கிறார்கள் என்று தெரியும்.

கைபேசி வந்தபோது விளையாட்டும் இந்த ஏலமும் ஒன்று சேர்ந்தன. 2009இல் ஆப்பிள், இலவச விளையாட்டுக்குள்ளே பொருள் விற்க அனுமதித்தது. அதே ஆண்டு வந்த 'ஃபார்ம்வில்', நட்ட பயிரைக் குறித்த நேரத்துக்குள் அறுவடை செய்யாவிட்டால் வாடிப்போகும் என்று மிரட்டி, கோடிக்கணக்கானவர்களைத் தினமும் திரும்ப வரவைத்தது. விவசாயம் பொய்த்து ஊரைவிட்டுக் கிளம்பியவர்கள் நிறைந்த உலகத்தில், வாடாத லாபத்துக்கு வாடும் பயிர்.

வியட்நாமின் ஹனோயைச் சேர்ந்த டோங் நுயென் 2013 மே மாதம் 'ஃப்ளாப்பி பேர்ட்' வெளியிட்டார். குழாய்களுக்கு நடுவே ஒரு பறவையைத் தட்டித் தட்டிப் பறக்கவிட வேண்டும். இலவசம், ஓரத்தில் விளம்பரம். 2014 தொடக்கத்தில் அது உலகெங்கும் பரவியபோது விளம்பரத்தால் நாளொன்றுக்கு 50,000 டாலர் வருவதாக அவர் பேட்டியில் சொன்னார். பிப்ரவரியில் அதைத் தானே விலக்கிக்கொண்டார். சில நிமிட ஓய்வுக்காகச் செய்தது, மக்களை அடிமையாக்கும் பொருளாகிவிட்டது என்பது அவர் சொன்ன காரணம். அலமகோர்டோவில் நிறுவனம் புதைத்தது, விற்காத சரக்கை. இவர் நிறுத்தியது ஓடிக்கொண்டிருந்த சரக்கை. தொழில்துறை இவரைப் பைத்தியக்காரராகப் பார்த்தது.

இப்போது அந்த எண்ணிக்கைக்கு வருவோம். இன்றைய இலவச விளையாட்டில் தோற்றவுடன் ஒரு சலுகை வரும்: 30 விநாடி விளம்பரம் பார்த்தால் இன்னொரு உயிர். திரையின் மூலையில் எண்கள் கீழிறங்கும். பழைய இயந்திரத்தின் பத்து விநாடி, காசு எடுக்க உங்களை அவசரப்படுத்தியது. இந்த முப்பது விநாடி உங்களை நகரவிடாமல் நிறுத்துகிறது. ஏனென்றால் இங்கே செலுத்தப்படும் காசே அந்த முப்பது விநாடிதான். தோல்வி அன்றும் வருமானம், இன்றும் வருமானம். வித்தியாசம், பை காலியாகிவிட்டால் அன்று வீட்டுக்குப் போய்விடுவோம். நேரம் என்ற நாணயத்தில் ஏழைக்கும் கடைசிக் காசு என்று ஒன்று தெரிவதில்லை.

காசு கொடுக்கிறோம் என்று மக்களுக்குத் தெரியாததுதான் இந்த ஏற்பாட்டின் உயிர் என்பதற்கு ஒரு சான்று உண்டு. 2021 ஏப்ரலில் ஆப்பிள், பிற செயலிகளிலும் தளங்களிலும் உங்களைப் பின்தொடரலாமா என்று ஒவ்வொரு செயலியும் முன்கூட்டியே அனுமதி கேட்க வேண்டும் என்று விதித்தது. ஆப்பிளுக்கு அதில் சொந்த லாபக்கணக்கு உண்டு, அது கிடக்கட்டும். அந்த மாற்றத்தால் 2022இல் சுமார் 1,000 கோடி டாலர் வருமானம் குறையும் என்று ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா அறிவித்தது. யாரும் எதையும் தடை செய்யவில்லை. கேட்டார்கள், அவ்வளவுதான்.

5

'சும்மா', 'ஓசி', 'இலவசம்', 'விலையில்லா' — தமிழில் இந்தச் சொற்களுக்கு ஒரே மரியாதை கிடையாது. 'சும்மா' கொடுப்பதில் உறவு இருக்கிறது. 'ஓசி'யில் வாங்குபவருக்கு இளக்காரம் இருக்கிறது. 2006இல் தி.மு.க. அரசு வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டி கொடுத்தபோது அது 'இலவசம்'. 2011இல் அ.தி.மு.க. அரசு மடிக்கணினி கொடுத்தபோது சொல்லை 'விலையில்லா' என்று மாற்றினார்கள். சொல்லை மாற்ற வேண்டிய அளவுக்கு 'இலவசம்' கறைபட்டிருந்தது. தொலைக்காட்சித் திட்டத்தை எதிர்த்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2013இல் நீதிமன்றம், தேர்தல் வாக்குறுதி ஊழல் நடவடிக்கை ஆகாது என்றது. ஆனாலும் நேர்மையான தேர்தலின் வேரை இது அசைக்கிறது என்று கவலைப்பட்டது. 2022 ஜூலையில் பிரதமர் இதை 'ரேவடி' கலாச்சாரம் என்றார், மிட்டாய் விநியோகம் என்ற பொருளில். ஓசியில வாங்கித் தின்னு சோம்பேறியாயிட்டான் என்று நடுத்தர வர்க்கத் திண்ணைகள் நீண்டகாலமாகச் சொல்லிவருவதன் அரசாங்க மொழிபெயர்ப்பு அது.

2016 செப்டம்பரில் ஜியோ நிறுவனம் அடுத்த மார்ச் வரை கைபேசி இணையத்தை இலவசமாகக் கொடுத்தது. மக்கள் சோம்பேறியாகிவிடுவார்கள் என்று அதே திண்ணையிலிருந்து ஒரு குரல் வரவில்லை. சந்தை கொடுக்கும் இலவசத்துக்குப் பெயர் புதுமை. அரசு கொடுக்கும் இலவசத்துக்குப் பெயர் லஞ்சம். அரசின் இலவசத்துக்குப் பட்ஜெட்டில் ஒரு வரி உண்டு. சட்டமன்றத்தில் கேள்வி கேட்கலாம், நீதிமன்றம் போகலாம், தேர்தலில் தோற்கடிக்கலாம். கைபேசி விளையாட்டின் இலவசத்துக்கு யாரிடம் கணக்குக் கேட்பது?

தோழர்கள் சிலர் இங்கே ஒரு நியாயமான மறுப்பைச் சொல்வார்கள். விளையாட்டு என்பது இன்பம். இன்பம் ஏழைக்கும் உரிமை. ஆயிரக்கணக்கில் விலை கொடுத்து விளையாட்டு வாங்க முடியாத பிள்ளைக்கு அதைக் கொண்டுசேர்ப்பது அந்த விளம்பரம்தானே? அதை எதிர்ப்பது மேட்டுக்குடி மனோபாவம் இல்லையா? விளையாடுபவரைப் பழிக்கும் எந்தப் பேச்சிலும் எனக்கு உடன்பாடில்லை. அது ரேவடிப் பேச்சின் தம்பி. ஆனால் விளம்பரப் பணம் வானத்திலிருந்து விழுவதில்லை. சோப்பின் விலையில், பிஸ்கட்டின் விலையில், செல்போன் ரீசார்ஜின் விலையில் அது ஏற்கனவே சேர்ந்திருக்கிறது. அந்தப் பிள்ளையின் அம்மா கடையில் ஒருமுறை கொடுக்கிறார். பிள்ளை நேரமாகவும் தகவலாகவும் இன்னொருமுறை கொடுக்கிறது. இரண்டு முறை கொடுத்துவிட்டு 'இலவசம்' என்று ஒரு சொல்லை வாங்கிக்கொள்கிறோம்.

சட்டம் இந்தத் துளையை எவ்வளவு தூரம் பார்க்கிறது? ஆன்லைன் ரம்மியால் கடன்பட்டுத் தற்கொலை செய்துகொண்டவர்களின் செய்திகள் தொடர்ந்து வந்தபோது, தமிழ்நாடு அரசு 2022இல் நீதிபதி சந்துரு தலைமையில் குழு அமைத்தது. ஆளுநர் திருப்பி அனுப்பிய மசோதா மறுபடி நிறைவேறி 2023 ஏப்ரலில் சட்டமானது. அதே ஆண்டு நவம்பரில் உயர் நீதிமன்றம், ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டுகள் என்று விலக்கு அளித்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம், பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளையும் அவற்றின் விளம்பரங்களையும் தடைசெய்யும் சட்டத்தை நிறைவேற்றியது. இந்த விவாதம் முழுக்க ஒரே அளவுகோலில் நடந்தது: காசு வைத்தானா இல்லையா, திறமையா அதிர்ஷ்டமா? லாகார்டியாவின் சம்மட்டி தேடிய அதே துளைதான். காசு வைக்காமல் நேரம் வைத்தவருக்கு இந்த அளவுகோலில் இடமில்லை. 2023இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 9ஆம் பிரிவு, 18 வயது நிரம்பாதவர்களைப் பின்தொடர்வதையும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதையும் தடுக்கிறது. இந்தத் துளையின் பக்கத்தில் வந்து நிற்கும் சட்டம் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். ஆனால் அரசு விரும்பினால் சிலருக்கு விலக்கு அளிக்கவும் அதே பிரிவில் வழி வைத்திருக்கிறார்கள்.

நான் தடை கேட்கவில்லை. தடை என்றதும் முதலில் அடிவாங்குவது நிறுவனம் அல்ல, விளையாடும் பையன்தான் என்பதற்கு நம் காவல் நிலையங்கள் சாட்சி. கேட்பது பழைய இயந்திரத்திடம் இருந்த ஒரு நேர்மையை. ஒரு விளையாட்டு என்னிடமிருந்து எத்தனை விநாடி எடுக்கிறது, என்னைப் பற்றி எதைக் குறித்துக்கொள்கிறது, அதை யாருக்கு விற்கிறது என்பதைத் தமிழில், தொடங்குவதற்கு முன், முகப்பிலேயே சொல்ல வேண்டும். மருந்து அட்டையில் விலை அச்சிடும்படி கேட்டுப் பெற்ற சமூகத்துக்கு இது பெரிய கோரிக்கை இல்லை. அதுவரைக்கும் அந்த மாதிரி விளையாட்டை 'இலவசம்' என்று எழுதுவதையாவது நம் பத்திரிகைகள் நிறுத்தலாம். விலை சொல்லாத விளையாட்டு என்று எழுதினால் போதும்.